நீ முழங்காலிட்ட ஞாயிறு

அம்மா,

வெள்ளிக்கிழமை தக்கலையில் எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். எனக்காகத்தான். கல்லூரி மாடிப்படியில் இறங்கும்போது இடது முட்டுக்குள் மணல் அரைபடுவதுபோல ஆறு மாதமாக ஒரு சத்தம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தேய ஆரம்பிச்சாச்சு சார். அம்பத்தாறு ஆகுதுல்லா" என்றார். பிறகு அடுத்த அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தாளைக் கையில் தந்தார்கள். மூட்டு இறுகிப் போகாமலிருக்கத் தசைகளை நீட்டி இழுக்கும் பயிற்சிகள். நகலிலிருந்து நகலெடுத்து எழுத்தெல்லாம் மங்கிப்போன தாள். முகமில்லாத ஒரு ஆள் கட்டிலில் படுத்து, பாதத்தில் துண்டைச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கிறான்.

மூன்றாவது படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அவனுடைய வலது காலில் ஆறு விரல்கள். உனக்குத் தந்த தாளிலும் ஆறுதான். "இவனுக்கு ஆறு வெரலுல்லா மக்கா. இவன் இழுத்தா வரும். எனக்கு அஞ்சுதானே உண்டு" என்று சொல்லி முதல் நாளே தப்பிக்கப் பார்த்தாய்.

காரில் வந்து உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் இருந்தேன். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மனதில் ஒரு கேள்வி அத்தனை மாதமாகக் கிடக்கிறது. கேட்கவேண்டிய ஆள் நீ. நீ இல்லை. பதில் தெரிந்த இன்னொருவன் உயிரோடு இருக்கிறான். அவனிடம் நான் பேசுவதில்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன்.

கிராம சுகாதார செவிலியாக முப்பத்தொரு வருடம் நடந்த கால்கள் உன்னுடையவை. பஸ் போகாத ரப்பர்த் தோட்டத்துக் குடியிருப்புகளுக்கெல்லாம் ஊசிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டது நீ. ஆனால் நோயாளியாக இருப்பதில் நீ படுமோசம். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு, சாப்பிட்டாயிற்று என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வாய். பொய் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு கோடுகூட மாறாது. இதை இப்போதே எழுதி வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

முட்டு மடங்காமல் போனபோது வலி உன்னைப் பெரிதாக வருத்தவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிதான் வருத்தியது. நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பலிபீடத்தின் முன்னால் இருக்கும் மரக்கிராதிக்கு வரிசை வரிசையாகப் போய், முழங்காலிட்டுத்தான் அப்பமும் திராட்சரசமும் வாங்குவார்கள். முடியாதவர்களுக்கு முன்வரிசையில் வெள்ளை நாற்காலிகள் போட்டிருக்கும். போதகர் இறங்கிவந்து கையில் கொடுப்பார். எட்டு மாதம் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு ஒருநாள் சொன்னாய்.

"நாக்காலியில இருந்து வாங்கியது, வார்டுல மருந்து வாங்கிய மாதிரி இருக்கு மக்கா. நான் குடுத்துப் பழகினவ. ஒரே ஒரு தடவ எல்லாரையும் போல முட்டுகுத்தணும். அதுக்க பெறவு சாவுற வரைக்கும் நாக்காலியில இருந்துக்கிடுதேன்."

அப்படித்தான் ஷைனி வீட்டுக்கு வந்தாள். இயன்முறைச் சிகிச்சை படித்த பெண், மார்த்தாண்டத்துக்காரி. உன் காலைத் தொட்டுப் பார்த்தாள். தொடையின் பின்புறத்துத் தசையும் கெண்டைக்கால் தசையும் இறுகிப்போய்க் கிடக்கின்றன, அவை இளகினால்தான் முட்டு மடங்கும் என்றாள். நீண்ட நேரம் முழங்காலில் நிற்கக் கூடாது, மெத்தை வைத்து ஒரு நிமிடம் என்றால் டாக்டர் தடுக்கமாட்டார் என்றும் சொன்னாள்.

"இழுவை தெரியணும் அம்மா, வலி தெரியக்கூடாது. வெடுக்குன்னு இழுக்காதீங்க. மெதுவா இழுத்து, அப்படியே பிடிச்சுக்கிட்டு முப்பது எண்ணுங்க. மூச்ச அடக்காதீங்க."

"முப்பதெல்லாம் எனக்க வாயில நிக்காது மோளே. நான் பரமண்டல ஜெபம் சொல்லுதேன். சர்ச்சுல சொல்லிய வேகத்துல சொன்னா முப்பதுதான் வரும்."

ஷைனி சிரித்துக்கொண்டே கைபேசியில் நேரம் பார்த்தாள். முப்பத்திரண்டு நொடி.

"அந்த ரெண்டு கர்த்தருக்கு" என்றாய்.

படுத்துக்கொண்டு துண்டால் பாதத்தை இழுப்பது ஒரு காலுக்கு மூன்று முறை. பிறகு சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முன்னால் சாய்வது. பிறகு குப்புறப் படுத்துக் கணுக்காலில் துண்டைக் கட்டி, குதிகாலை மெதுவாகப் பின்னால் வரவழைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெபம். ஒன்பது வருடமாகச் சபை வாசலைத் தாண்டாத நான், காலைக் காப்பிக்கு முன்னால் பதினெட்டு முறை பரமண்டல ஜெபம் கேட்டேன். மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போதெல்லாம் நீ வேகத்தைக் குறைப்பாய். யாரைக் குறித்துக் குறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் சுவரைப் பார்ப்பேன்.

மஸ்கட்டிலிருந்து தம்பி வீடியோ அனுப்புவான். அவனுக்கு அனுப்ப மட்டும்தான் நேரம் உண்டு. அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி காலைத் தலைக்கு மேலே தூக்குவாள். "இவ என்னத்துக்கு மக்கா டாக்டருக்குப் போனா?" என்று கேட்டாய்.

ஒன்பது வருடத்துக் கதையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நான் கண்ட விதத்தில் ஒருமுறை சொல்கிறேன். நீ இருந்த காலத்தில் ஒருநாளும் அதை முழுசாகக் கேட்டதில்லை. நான் ஆரம்பித்தாலே கறிக்கு உப்பு பார்க்கப் போய்விடுவாய்.

ஜஸ்டசும் நானும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். அவன் சபைச் செயலர் ஆன வருடம், ஆராதனை முடிந்து நடந்த பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் சில குடும்பங்களின் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்டேன். பதிலுக்கு அவன் கைபேசியை எடுத்து, நான் அவனுக்கு மட்டும் அனுப்பியிருந்த ஒரு செய்தியை மேடையில் நின்று வாசித்தான். இந்தச் சபை தலையாட்டும் மாடுகளின் தொழுவம் என்று எழுதியிருந்தேன். எழுதியது நான்தான். இன்றும் அதை மாற்றிக்கொள்ளமாட்டேன். ஆனால் அது நண்பனுக்கு எழுதியது. பின்வரிசையில் யாரோ மாடு மாதிரிக் கத்தினான். சபை முழுவதும் சிரித்தது.

நான் வெளியே நடந்தேன். பெண்கள் பக்கத்தில் நடைபாதையை ஒட்டிய இருக்கையில் நீ இருந்தாய். உன்னருகே வந்ததும் ஒரு கணம் நின்றேன். நீ எழும்பி என்னோடு வருவாய் என்று நினைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எழும்பவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நான் தனியாக வாசலைக் கடந்தேன்.

அவன் வாசித்ததை ஒருவேளை மறந்திருப்பேன். நீ எழும்பாமல் இருந்ததை மறக்க முடியவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். ஞாயிறுதோறும் உன்னைக் காரில் கொண்டுபோய்விட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே மரத்தடியில் வண்டிக்குள்ளேயே இருந்தேன். அது உனக்கான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியின்போது உன் கை சோர்ந்தால் துண்டின் நுனியை நான் பிடிப்பேன். ஒருநாள் நீ கண்ணை மூடிக்கொண்டே, "ஜஸ்டசு நேத்து ஒனக்க சொகம் கேட்டான்" என்றாய். நான் துண்டைப் பிடித்து இழுத்தேன். சற்று நேரத்தில் நீ, "ஏலே, அது எனக்க காலு. ஜஸ்டசுக்க கழுத்து இல்ல" என்றாய். அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். துண்டு முறுக்கேறிக் கயிறாகியிருந்தது. இருவரும் சிரித்துவிட்டோம். சாயங்காலம் உன் முட்டின் பின்புறம் வீங்கியிருந்தது. ஷைனி வந்து கேட்டபோது, "நான்தான் மோளே, சீக்கிரம் மடங்கணும்னு ஆக்கிரகத்துல இழுத்துப் போட்டேன்" என்றாய். முகத்தில் ஒரு கோடு மாறவில்லை.

மூன்றாவது மாதம் முட்டு தரையில் போட்ட தலையணையைத் தொட்டது. கட்டிலின் சட்டம்தான் கிராதி. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் விட்டு, மெதுவாக இறங்குவாய். இறங்கியதும் ஜெயித்த பிள்ளையைப் போல என்னை நிமிர்ந்து பார்ப்பாய். பிறகு கையை நீட்டுவாய். நான் முன்கையைக் கொடுப்பேன். அதைப் பற்றி எழும்புவாய். நான் தூக்குகிறேன் என்று நாம் இருவருமே அதைக் கணக்கில் எடுக்கவில்லை. முட்டு எவ்வளவு மடங்குகிறது என்பது ஒன்றையே தினமும் அளந்தோம். சபையில் எல்லாருக்கும் முழங்காலிடுவதுதான் ஒரு செயல். எழும்புவதை யாரும் செயலாக நினைப்பதில்லை.

ஷைனி மட்டும் நினைத்தாள். "சார், தாளுக்குப் பின்பக்கம் பாத்தீங்களா? தொடைக்குப் பலம் குடுக்கிய எக்சசைஸ் இருக்கு. நாக்காலியில இருந்து கை ஊணாம எளும்பியது. கீழ போறது எளுப்பம் சார், ஆருக்கும் வரும். மேல வாறதுக்குத்தான் பலம் வேணும்."

திருவிருந்து ஞாயிறு நெருங்கிவிட்டது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். புத்தகம் படித்துப் பிழைக்கிற நான் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் நீ கேட்டாய். உன் மருமகள், எங்கள் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரில் இருந்தாள். வீட்டில் நாம் இருவர்தான்.

"நாளைக்கி நீ கூட வரணும் மக்கா. குத்தியதுக்கு ஆள் வேண்டாம். எளும்பியதுக்கு ஒனக்க கை வேணும்."

"நான் உள்ள வரமாட்டேன்னு ஒனக்குத் தெரியும்."

"முழுசா வரண்டாம். கைய மட்டும் விடு."

நான் சிரிக்கவில்லை. "பக்கத்துல நிக்கிய ஆளப் பிடிச்சுக்கிடு. ஒனக்குத்தான் அங்க நெறய ஆளு உண்டே" என்றேன். நீ வெள்ளைச் சேலையை எடுத்து மடிப்பைச் சரிசெய்யத் தொடங்கினாய்.

ஞாயிறு வழக்கமான மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஒலிபெருக்கி வெளியே கேட்கும். திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்தது. ஒரு வரிசை முழங்காலிட்டு எழும்பிப் போவதற்கு ஒரு சரணம் என்று பாடகர் குழுவுக்கு ஒரு கணக்கு உண்டு. சின்ன வயதில் நானும் அந்தக் குழுவில் பாடியவன். இரண்டாவது சரணம் முடிந்தது. மூன்றாவதற்குப் போகவில்லை. இரண்டாவதையே மறுபடியும் பாடினார்கள். பிறகு இன்னொரு முறையும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வரிசை நகரவில்லை. யாரோ ஒருவர் கிராதியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். அது யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. என் கை கதவுப்பிடியில் இருந்தது. வண்டியிலிருந்து வாசலுக்கு நாற்பது அடி. நான் திறக்கவில்லை அம்மா. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நான்காவது முறை அதே சரணம் தொடங்கியபோது, உள்ளே போனால் மாடு மாதிரிக் கத்துவார்களோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்து வயதில் நீ அத்தனை பேர் முன்னால் முழங்காலில் நின்றுகொண்டிருக்க, எனக்கு அந்த நினைப்பு.

ஆராதனை முடிந்து நீ வெளியே வந்தாய். ஜஸ்டசின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அவன்தான் கிராதிக்கு வந்து, பின்னாலிருந்து உன் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கியிருக்கிறான். முன்கதவைத் திறந்து உன்னை உட்காரவைத்து, குனிந்து உன் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தான். அவனுக்கும் மூச்சு வாங்கியது. "அம்மைக்குக் கொஞ்சம் தண்ணி குடுடே" என்றான். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நகரவில்லை. நீதான் பேசினாய்.

"குத்திட்டேன் மக்கா. நல்லா மடங்குச்சு. வலியே இல்ல. கையில வாங்கினேன்."

"ம்."

"எளும்பத்தான் வய்யல."

நீ முட்டைத் தடவிக்கொண்டே, கடைக்குப் போய்வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னாய். "அன்னைக்கும் இதுதான்."

"எந்த அன்னைக்கு?"

"நீ கூட்டத்துல எறங்கிப் போனியே, அன்னைக்கு. நானும் எளும்பப் பாத்தேன். முட்டு பிடிச்சிட்டு. ரெண்டு தடவ பாத்தேன். அதுக்குள்ள நீ வெளிய போயிட்ட."

பேருந்து நகர்ந்தது. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். நான் நகர்த்தவில்லை. "ஏன் இத்தன நாளு சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கேக்கலியே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுல்லா நடந்த. பெறவு பாத்தா, அதையே பிடிச்சுக்கிட்டு நிக்கிய. அதையும் எடுத்துட்டா ஒனக்க கையில என்ன இருக்கும்னு விட்டுட்டேன். வண்டிய எடு மக்கா, அவன் ஏசுகான்."

வரலாறு கற்பிக்கிறவனுக்குச் சாட்சியத்தைச் சோதித்துப் பார்க்கும் புத்தி போகாது. அன்று முதல் இன்றுவரை சோதித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கூட்டம் நடந்தபோது உனக்கு அறுபத்தாறு. உன் முட்டில் வலி என்று நீ ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அதே மாதத்தில் பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய் வந்திருக்கிறாய். அப்படியானால் நீ சொன்னது எனக்காகக் கட்டிய பொய். ஆனால் அந்த வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம்பியின் குடும்பத்தோடு அரண்மனை பார்க்கப் போனபோது, மாடிப்படி ஏறாமல் வாசலிலேயே இருந்துவிட்டாய். "செருப்புக்குக் காவலுக்கு ஒரு ஆள் வேண்டாமா?" என்று சொன்னாய். நான் நம்பினேன். அலமாரியில் உன் பழைய சேலைகளுக்கு நடுவே மூட்டுவலிக்குத் தடவும் முறிவெண்ணெயின் காலிக் குப்பிகள் நான்கு கிடைத்தன. எப்போது வாங்கியவை என்று அவற்றில் எதுவும் இல்லை. ஷைனியிடம் உன் முட்டின் வீக்கத்துக்கு நீ சொன்ன காரணமும் நினைவுக்கு வருகிறது. என்னைக் காப்பாற்ற நீ முகம் மாறாமல் பொய் சொல்வாய். வலியை மறைக்கவும் அப்படியே சொல்வாய். இரண்டுக்கும் உனக்கு ஒரே முகம்தான்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலையில் நீயே தாளைத் திருப்பினாய். "இந்தப் பக்கத்தத் தொடங்குவோம்." கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழும்ப வேண்டும். முதல் வாரம் ஒன்றுகூட முடியவில்லை. இரண்டாம் வாரம் மூன்று. பிறகு தலையணையில் முழங்காலிட்டு, வலது பாதத்தை முன்னால் கொண்டுவந்து ஊன்றி, தொடையில் கையை அழுத்தி மேலே வருவது. நான் பழக்கத்தில் முன்கையை நீட்டுவேன். நீ அதைத் தட்டிவிடுவாய். இதற்கெல்லாம் ஜெபம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாய்.

நான்காவது வாரம், ஒரு திங்கட்கிழமை, நீ தனியாக எழும்பினாய். கட்டில் சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, காலெல்லாம் நடுங்க, முழுசாக நிமிர்ந்தாய். "இனி ஒனக்கு மெனக்கேடு இல்ல மக்கா" என்றாய். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நீ என்னை எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாய் என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது. அடுத்த திருவிருந்துக்கு ஆறு நாள் இருந்தது. வந்த ஞாயிறு நானும் உள்ளே வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். செவ்வாய் சொல்லவில்லை. புதன் சொல்லவில்லை. வியாழன் காலை குளித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்யும் ஆராதனைக்கு நான் உள்ளே வந்தேன். வராமல் முடியாதே. கிராதிக்கு முன்னால் உன் பெட்டியை வைத்திருந்தார்கள். நான் உள்ளே வர நீ அப்படிக் கிடக்க வேண்டியிருந்தது. மாடு மாதிரி யாரும் கத்தவில்லை. பாதிப் பேர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பது வருடமாக அவர்கள் என்னை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நானாக நினைத்திருக்கிறேன்.

பெட்டியின் அருகில் நிற்கும்போது ஒன்று விளங்கியது. அன்று கூட்டத்தில் நான் வெளியே நடந்தபோது சபை முழுவதும் திரும்பி வாசலைப் பார்த்தது. உன்னை யாரும் பார்த்திருக்க வழியில்லை. மேடையில் நின்றவன் ஒருவனுக்கு மட்டும்தான் உன் இருக்கை நேராகத் தெரியும். நீ எழும்பப் பார்த்தாயா, சும்மா இருந்தாயா என்பது ஜஸ்டசுக்குத் தெரியும்.

அதன்பிறகு அவனைப் பலமுறை பார்த்தாயிற்று. நேற்று தக்கலைச் சந்தையில், மீன் வாங்கிக்கொண்டிருந்தவன் நான் காலை இழுத்து நடப்பதைக் கண்டு நின்றான்.

"என்னடே, நொண்டுக?"

"ஒண்ணுமில்ல."

"முட்டா? அம்மைக்க முட்டு ஒனக்கும் வந்துட்டா?"

அவன் உடனே போய்விடவில்லை. மீன் பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, என்னிடமிருந்து ஏதோ வரும் என்பதுபோல நின்றான். கேட்பதற்கு நான்கு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு வண்டிக்கு வந்துவிட்டேன்.

ஆமாம், அம்மை எழும்பப் பார்த்தார்கள் என்று அவன் சொன்னால், ஒன்பது வருடத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? இல்லை, அசையவே இல்லை என்று சொன்னால், காரில் அதைச் சொன்ன உன்னை எங்கே வைப்பேன்? இரண்டில் எது என்று தெரியாமல் இருக்கும்வரை இரண்டும் என்னிடமே இருக்கட்டும்.